வாய்தாவுக்கு எத்தனை நாள் கூலி?

குற்ற வழக்கை அரசாங்கமே நடத்துகிறது, பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பைசா செலவு கிடையாது. நம்மில் பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அரசு வக்கீல் இருக்கிறார், போலீஸ் விசாரிக்கிறது, நீதிபதி தீர்ப்பு சொல்கிறார். அந்தப் பெண் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனால் போதும்!

பி.காம். படிக்கிறவனிடம் "செலவே இல்லை" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகம் வரத்தானே செய்யும். மூன்று வருடமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். செலவு இல்லை என்றால், அது வேறு யாருடைய கணக்கிலோ எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் அந்தச் செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். அதற்கு டெல்லிக்குப் போக வேண்டாம். நம்ம விழுப்புரம், திண்டிவனம் போதும்.

1993 ஜூலை. நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால். விழுப்புரம் பக்கத்தில் ஓர் இருளர் குடியிருப்பு. திருட்டு வழக்கில் ஒருவரைத் தேடி புதுச்சேரி போலீஸ் அங்கே வந்தது. அந்தக் குடும்பத்து இளம்பெண்ணை அந்தக் காவலர்கள் கூட்டாகப் பாலியல் வல்லுறவு செய்தார்கள் என்பது வழக்கு. (கற்பழிப்பு என்ற சொல்லை நான் எழுதப் போவதில்லை. செய்தவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் அவளிடம் எதுவோ அழிந்துவிட்டதாகச் சொல்கிற சொல் அது.)

அந்தப் பெண்ணின் பெயர் நம் மாவட்டத்தில் ரொம்பப் பேருக்குத் தெரியும். வழக்கே அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. ஆனாலும் நான் எழுதவில்லை, ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவில் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72வது பிரிவு. வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது.

அந்த வழக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் திண்டிவனத்தில் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி. பழைய ஆட்களுக்குப் பேராசிரியர் கல்யாணி என்றால்தான் தெரியும். கல்லூரியில் பாடம் எடுக்கிற மனிதர் ஒரு இருளர் பெண்ணுக்காக அதிகாரிகளிடமும் நீதிமன்றத்திலும் அலைந்தார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் என்று இன்றைக்கு நாம் அறிகிற அமைப்புக்கு வேர் அந்த அலைச்சல்தான். 2006-ல் விழுப்புரம் நீதிமன்றம் அந்தக் காவலர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பதிமூன்று வருடம்! பிறகு மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்துவிட்டது.

முடிவைப் பற்றி நான் இங்கே வாதம் செய்யப் போவதில்லை. அந்தப் பதிமூன்று வருடத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். இன்றைய விலையில், சும்மா ஒரு உத்தேசத்துக்கு. அந்தப் பெண்ணும் துணைக்கு ஒருவரும் வருடத்துக்கு நான்கு தடவை விழுப்புரம் வர வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட், வக்கீல், ஆர்.டி.ஓ. விசாரணை எல்லாம் சேர்த்து நான்குதான், குறைத்துத்தான் சொல்கிறேன். ஒருவருக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய் போனால் இருவருக்கு 800. பஸ்ஸும் சாப்பாடும் 200. ஒரு நாளைக்கு ஆயிரம். பதிமூன்று வருடத்துக்கு 52 நாள், 52,000 ரூபாய். சூளையில் முன்பணம் வாங்கிக்கொண்டு கல் அறுக்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். அந்த 52 நாளில் பாதி நாள் "இன்னைக்கு ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் வாங்க" என்று திரும்பியிருந்தாலும் கணக்கில் ஒரு ரூபாய் குறையாது. அடிக்கடி லீவு போட்டால் சூளைக்காரர் காட்டும் முகத்துக்கும், பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து நிற்கும் காக்கிச் சட்டைக்கும் இந்தக் கணக்கில் காலமே இல்லை.

எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கோ வழக்கு இழுக்க இழுக்க லாபம்.

சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 2011 நவம்பர் 22-க்கு வருவோம். திருக்கோவிலூர் பக்கம். (அப்போது விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம்.) மறுபடியும் இருளர் குடும்பம், மறுபடியும் திருட்டு வழக்கு, மறுபடியும் ராத்திரியில் போலீஸ் வண்டி. நான்கு பெண்களைப் போலீஸ்காரர்கள் வல்லுறவு செய்தார்கள் என்று புகார். அதில் ஒருவர் கர்ப்பிணி. ஐந்து காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அன்றைய ஜெயலலிதா அரசு தலா 5 லட்சம் ரூபாய் அறிவித்தது. அதே இருளர் சங்கம் இந்த முறையும் கூட நின்றது. 'ஜெய்பீம்' வந்தது 2021-ல். இருளர் குடும்பத்தைப் போலீஸ் படுத்திய பாட்டைப் பார்த்து ஊரே அழுததே, அந்தச் சமயத்திலும் இந்த நான்கு பெண்களின் வழக்கு விசாரணை முடிந்திருக்கவில்லை. படத்தில் நடப்பது 1990-களின் கதை, அதனால் நமக்குப் பார்க்கச் சௌகரியமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

வாச்சாத்தியும் இதே கதைதான். 1992 ஜூனில் நடந்ததற்கு தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் தரச் சொன்னது. அங்கேயும் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் விடாமல் நின்றதால்தான் வழக்கு உயிரோடு இருந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். மூன்றிலும் வழக்கை வாழ வைத்தது சட்டப் பிரிவு இல்லை, கூட வந்த ஆட்கள். திண்டிவனத்தில் ஒரு பேராசிரியர் இருந்தது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டம். அவர் செஞ்சியிலோ வந்தவாசியிலோ வேலை பார்த்திருந்தால்? அல்லது மாலையில் வீட்டுக்குப் போய் டியூஷன் எடுக்கும் சாதாரணப் பேராசிரியராக இருந்திருந்தால்? நீதி கிடைப்பது யார் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றால், அது குலுக்கல் சீட்டு மாதிரி.

சட்டம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நிறையச் செய்திருக்கிறது. மகாராஷ்டிராவில் மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. அதை எதிர்த்து நான்கு சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். (மறுபடியும் பேராசிரியர்கள்!) அந்தக் கொந்தளிப்பில் 1983-ல் சட்டம் திருந்தியது. காவலில் நடந்த வல்லுறவில் உறவு நடந்தது நிரூபணமாகி, "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் சொன்னால் சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று ஆனது. டெல்லி பஸ் சம்பவத்துக்குப் பிறகு 2013-ல் இன்னொரு பெரிய திருத்தம். புகாரைப் பதிவு செய்யாத போலீஸ் அதிகாரிக்கே ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை. எந்த ஆஸ்பத்திரியும், தனியார் ஆஸ்பத்திரி உட்பட, பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், தராவிட்டால் குற்றம். 'இரண்டு விரல் சோதனை' என்ற அசிங்கத்தை உச்ச நீதிமன்றம் 2013-ல் கண்டித்தது, 2022-ல் அதைச் செய்கிற டாக்டர் ஒழுங்கீனம் செய்தவராவார் என்றது.

2024 ஜூலை 1-லிருந்து வந்த புதிய சட்டங்களில், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், "இது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது எழுத்திலேயே இருக்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். விழுப்புரம்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். நம்ம பக்கத்தில் புதுச்சேரி எல்லை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பஸ் கண்டக்டருக்கே குழப்பம். விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும், குற்றப்பத்திரிகை வந்த பிறகு இரண்டு மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத காரணத்துக்கும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கூடாது என்றும் இருக்கிறது. படிக்கும்போது நமக்கே புல்லரிக்கிறது. எந்தக் கோர்ட் வாசலிலாவது அரை நாள் நின்றவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் வேகமாகவும் நடக்கும், மனசு வைத்தால். 2024 டிசம்பர் 23 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூன் 2-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்துவிட்டது, குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாது. ஐந்தே மாதம். அதே வழக்கில்தான் அந்த மாணவியின் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவிடம் விசாரணையைக் கொடுத்து, 25 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது. மாநிலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, டிவி பார்த்துக்கொண்டிருந்தது, கட்சிகள் பார்த்துக்கொண்டிருந்தன. அத்தனை பேர் 'கூட வந்த' வழக்கு அது. சூளையில் இருக்கும் பெண்ணுக்கு யார் பார்க்கிறார்கள்?

இங்கேதான் நான் கண்டுபிடித்த (சரி, முன்பே இருந்ததுதான், எனக்குப் புதுசு) ஒரு விதியைச் சொல்ல வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதில் 11வது விதி. பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கோ கோர்ட்டுக்கோ வந்தால் பஸ் கட்டணமோ ரயில் கட்டணமோ தர வேண்டும். விவசாயக் கூலிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் தினப்படி தர வேண்டும். சாப்பாட்டுச் செலவு தனி. அதுவும் உடனே, அதிகபட்சம் மூன்று நாளைக்குள். இன்னும் ஒன்று இருக்கிறது. பெண்ணாக இருந்தால் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், அவர் போக்குவரத்துச் செலவும் அரசுடையது.

நான் மேலே போட்ட அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கை 1995-லேயே யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள்! அந்த முகம் தெரியாத அதிகாரிக்கு ஒரு கும்பிடு. 2016-ல் அமலுக்கு வந்த திருத்தத்தில் இது 15ஏ பிரிவாகச் சட்டத்துக்குள்ளேயே உரிமையாக ஏறிவிட்டது.

குழந்தைகளுக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு 'ஆதரவு நபர்' ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும். புகாரிலிருந்து தீர்ப்பு வரை அவர் அந்தக் குழந்தையோடும் குடும்பத்தோடும் வருவார். அடுத்த தேதி என்ன, வழக்கு என்ன நிலையில் இருக்கிறது, இழப்பீடு கேட்டாச்சா என்றெல்லாம் பார்த்துக்கொள்வார். 2023-ல் உச்ச நீதிமன்றம் இது இஷ்டப்பட்டால் செய்கிற வேலை இல்லை, கட்டாயம் என்று சொன்னது.

இப்போது பாருங்கள். பதினேழு வயது பதினொரு மாதம் ஆன பெண்ணுக்கு ஆதரவு நபர் உண்டு. அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு அதே கொடுமை நடந்தால் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. பெண்ணுக்கு, குற்றவாளி வேறு சமூகமாக இருந்தால் மட்டும், துணைக்கு வருபவரின் பஸ் காசு உண்டு. மற்ற பெண்களுக்கு அதுவும் இல்லை. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற தோழிகள் அத்தனை பேரும் அந்த 'இல்லை' பட்டியலில்தான் வருகிறார்கள்.

கேன்டீனில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான். "அதுக்குத்தான் சகி சென்டர் இருக்கே, 181 இருக்கே, அப்புறம் என்னடா?" இருக்கிறது. 2015-லிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்திருக்கின்றன, தங்க இடம், கவுன்சிலிங், சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையில் என்பது நல்ல யோசனை. ஆனால் மையம் என்பது ஒரு இடம். அதுவரை போய்ச் சேர வேண்டும், அப்புறம் அங்கிருந்து வெளியே வர வேண்டும். வழக்கு நடப்பது அங்கே இல்லை. ஸ்டேஷனில், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், மாஜிஸ்திரேட் முன்னால், கோர்ட் வராண்டாவில் நடக்கிறது. ஆறாவது மாதம், "சமாதானமா போயிடும்மா" என்று பெரிய மனிதர்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும்போது நடக்கிறது. அந்தத் திண்ணையில் அவள் பக்கம் யார் உட்காருவது?

துணை என்பது ஏழைக்கும் படிக்காதவருக்கும்தான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இன்னொரு வழக்கு, அதுவும் விழுப்புரம் கோர்ட்டில் நடந்ததுதான். 2021 பிப்ரவரியில் சிறப்பு டி.ஜி.பி.யாக இருந்த ராஜேஷ் தாஸ் மீது ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னை கிளம்பினார். பரனூர் டோல்கேட்டில் அவர் காரை மறித்தார்கள். மறித்தது ரவுடிகள் இல்லை, அவருடைய துறையேதான். 2023 ஜூன் 16-ல் விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்று ஆண்டு சிறை விதித்தது. காரை மறித்த எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பிறகு வழக்கு மேலே போனது. தோளில் நட்சத்திரம் இருக்கிறவரையே டோல்கேட்டில் நிறுத்த முடிகிறது. பேருந்தில் வருகிறவளை நிறுத்த டோல்கேட் எதற்கு, ஒரு பார்வை போதாதா?

இங்கிலாந்தில் 2005-லிருந்து இதற்கென்றே சம்பளம் வாங்கும் தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் சம்பந்தமில்லாதவர்கள், பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே பொறுப்பானவர்கள். நம்மால் முடியாதா? மறுபடியும் கணக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்பது தாலுகா. தாலுகாவுக்கு ஒரு ஆள், மாதம் 25,000 சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்கு 27 லட்சம். ஒரு முழு மாவட்டத்துக்கு! 2018-ம் ஆண்டு இழப்பீட்டுத் திட்டப்படி கூட்டு வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு 5 முதல் 10 லட்சம் வரை தரலாம். அந்த இழப்பீட்டைக் கேட்டு விண்ணப்பம் எழுதக்கூட ஆள் இல்லாமல் எத்தனை பெண்கள் இருப்பார்கள்? 2013 பட்ஜெட்டில் 1,000 கோடியோடு ஆரம்பித்த நிர்பயா நிதி இருக்கிறது. அதில் கேமரா வாங்குகிறார்கள். கேமரா பார்க்கும், கூட வராது.

தண்டனையைக் கூட்டு, தூக்கில் போடு என்று கேட்பதற்கு நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். போஸ்டர் அடிக்கச் சுலபம். 'தாலுகாவுக்கு ஒரு துணை ஆள் வேண்டும், எல்லாப் பெண் சாட்சிகளுக்கும் 11வது விதி வேண்டும்' என்று போஸ்டர் அடித்தால் பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்குப் பரவாயில்லை, நான் இதைத்தான் கேட்கிறேன்.

அது வரும் வரைக்கும், இதைப் படிக்கிறவர்களுக்குச் சில விஷயம். யாராவது உங்களிடம் வந்து சொன்னால் "ஏன் அங்கே போனே" என்று கேட்காதீர்கள், கூடப் போங்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள். போலீஸுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சிகிச்சை உண்டு. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி எடுக்க வேண்டும், வீட்டுக்கே வந்து எடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். இழப்பீட்டுக்கும் இலவச வக்கீலுக்கும் விழுப்புரம் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, போன் 15100. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

படிக்கிறவர்களில் திண்டிவனம், விழுப்புரம் கோர்ட்டுகளுக்குப் போய் வருகிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு கேள்வி. அந்த 11வது விதிப்படி பஸ் காசும் கூலியும் மூன்று நாளைக்குள் கையில் வாங்கிய ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். அந்தப் படிவத்தை நகல் எடுத்து இருளர் குடியிருப்புகளில் கொடுக்க எங்கள் வகுப்பிலேயே நாலு பேர் தயாராக இருக்கிறோம்.